ட்ராட்டில் அமைதி, கேன்டர் கேட்டால் உதை: சேணத்திலிருந்து தொடங்குங்கள்

குணத்தை அப்புறம் பார்ப்போம், முதலில் சேணம். ட்ராட்டில் (மிதமான ஓட்டத்தில்) ஒழுங்காகப் போகிற பெண்குதிரை, கேன்டருக்கு (தாவிச் செல்லும் வேக ஓட்டத்துக்கு) காலால் சைகை கொடுத்ததும் காதை மடக்கி வாலைச் சுழற்றி உதைக்கிறது என்றால், அநேகமாக எங்கோ வலிக்கிறது. கேன்டரில் தோள்பட்டை எலும்பு பின்னோக்கி நன்றாக நகரும். சேணத்தின் முன்பக்கம் குறுகலாக இருந்தால் ஒவ்வொரு தாவலிலும் அதில் போய் இடிக்கும்.

1. சேணமே இல்லாமல் நீளக் கயிற்றில் இரண்டு பக்கமும் ஓடவிடுங்கள். அடுத்து வெறும் சேணத்தோடு, கடைசியில் ஆளோடு. எந்தக் கட்டத்தில் முரண்டு பிடிக்கிறதோ அங்கேதான் தேட வேண்டும்.

2. சவாரி முடிந்து சேணத்தைக் கழற்றியதும் முதுகைப் பாருங்கள். சுற்றிலும் வியர்வை, நடுவில் உலர்ந்த திட்டு என்றால் பெரும்பாலும் அங்கே அழுத்தம் அதிகம்.

சேணம் இல்லாமலும் மறுத்தாலோ, பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரி குதித்தாலோ சவாரியை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வயிற்றுப்பட்டையை இறுக்கும்போதே கடிக்க வந்தால் இரைப்பைப் புண்ணாகவும் இருக்கலாம். எண்டோஸ்கோப்பி செய்தால்தான் உறுதியாகும்.

பருவம்தான் காரணமோ என்றும் தோன்றலாம். பெண்குதிரையின் பருவச் சுழற்சி சுமார் 21 நாள், அதில் சூட்டில் (இணைசேரத் தயாராக) இருப்பது 5 முதல் 7 நாள். நாட்காட்டியில் குறித்து வையுங்கள். மாதம் முழுக்க இதே கதை என்றால் பருவத்தின் மேல் பழி போட முடியாது.