புல்லுக்குள் ஒளிந்திருக்கும் கல்லும் கம்பியும்: மோவர் கேள்வி பதில்

மேடுபள்ளமான நிலத்தில் காயவைத்துக் கட்டுவதற்குப் புல் வெட்டும்போது, டிராக்டரில் மாட்டி ஓட்டும் மோவர் எதிலாவது மோதி உடைவதைப் பற்றித்தான் பெரும்பாலான கேள்விகள் வந்திருக்கின்றன. இந்த மெஷின்களைப் பிரித்துச் சரிசெய்வதே என் வேலை. டிராக்டர் எஞ்சின் கேள்விகளை எடுக்கவில்லை, அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: அண்ணா, டிஸ்க் மோவர் கல்லில் பட்டு டமால் என்று சத்தம். ஆனால் ஓடுகிறது. மிச்சப் புல்லை வெட்டி முடித்துவிட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம் தம்பி, அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். டிஸ்க் மோவரில் ஓரத்தில் பிளேடு மாட்டிய வட்டத்தட்டுகள், அதாவது டிஸ்க்குகள், வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் நிமிடத்துக்குச் சுமார் 3000 முறை சுற்றுகிறது, பிளேடு நுனியின் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரை ஒட்டி வரும். அந்த வேகத்தில் கல்லில் பட்ட பிளேடு பாதி விரிசலோடு தொங்கிக்கொண்டிருந்தால், அடுத்த சுற்றில் பிய்த்துக்கொண்டு எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

டிராக்டரிலிருந்து மோவருக்கு விசை தரும் பிடிஓவை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பிடிஓ நின்ற பிறகும் டிஸ்க்குகள் கொஞ்ச நேரம் ஓடும், அவை முழுதாக நின்றதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கிட்டே போக வேண்டும். அப்புறம் கையுறை போட்டு ஒரு டிஸ்க்கைக் கையால் சுற்றுங்கள். உள்ளே கியர் கியராகக் கோத்திருப்பதால் எல்லா டிஸ்க்கும் சேர்ந்து சுற்ற வேண்டும். ஒன்று மட்டும் தனியாகச் சுற்றினாலோ அசையாமல் நின்றாலோ அதன் ஹப், அதாவது டிஸ்க்கைத் தாங்கும் நடுப்பாகம், அறுந்திருக்கிறது. பல மெஷின்களில் அது அறுவதற்கென்றே வைத்த பாகம், அது போனதால்தான் டிஸ்க்குகளுக்கு அடியில் ஓடும் கட்டர் பாருக்குள் இருக்கும் கியர்கள் பிழைத்திருக்கின்றன. அதை மாற்றும்போது பக்கத்து டிஸ்க்கோடு கோணம் சரியாக இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், தப்பினால் ஒரு டிஸ்க்கின் பிளேடு அடுத்ததன் பிளேடில் மோதும்.

பிளேடு போல்ட்டில் தாராளமாக ஆட வேண்டும், இறுகி நிற்கக் கூடாது. தேய்ந்திருந்தால் பிளேடின் துளை வட்டம் மாறி நீள்வட்டமாகியிருக்கும், போல்ட்டின் ஒரு பக்கம் தேய்ந்து கழுத்துப் போல ஒடுங்கியிருக்கும், விரலை வைத்தாலே தெரியும். ஒரு பிளேடு போனால் அந்த டிஸ்க்கின் இரண்டையும் மாற்றுங்கள், எடை வித்தியாசம் வந்தால் அதிர்வு பியரிங்கைத் தின்றுவிடும். கடைசியாக கட்டர் பாரின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள், ஆயில் கசிந்த ஈரக்கோடு இருந்தால் வெட்டுவதை அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஷியர் போல்ட் அடிக்கடி அறுகிறது. கொஞ்சம் கெட்டியான போல்ட் போட்டால் என்ன?

போடாதீர்கள். சுமை அதிகமானால் மற்ற பாகங்களுக்குப் பதிலாக அறுவதற்காகத்தான் அந்த போல்ட் அங்கே இருக்கிறது. கெட்டி போல்ட் போட்டால் அது நிற்கும், அதற்குப் பதிலாக கியர்பாக்ஸின் பல் உடையும் அல்லது பிடிஓ ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும். மெஷினோடு வந்த புத்தகத்தில் என்ன அளவு, என்ன தரம் என்று இருக்கும், அதையே வாங்கிப் பத்து சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி அறுகிறது என்றால் ஒன்று நிலத்தில் பிரச்சினை, இல்லாவிட்டால் பிளேடு மொட்டை, அதுவுமில்லையென்றால் பிடிஓவைச் சட்டென்று முழு வேகத்தில் போடுகிறீர்கள்.

கேள்வி: புதிதாக ஒரு நிலம் குத்தகைக்கு எடுத்திருக்கிறோம். புல் இடுப்பளவு நிற்கிறது. கல் எங்கே இருக்கிறது என்று எப்படி ஐயா தெரிந்துகொள்வது?

நல்ல கேள்வி அம்மா. இந்த முறை முழுதாகத் தெரிந்துகொள்ள முடியாது, அதனால் வெட்டும் உயரத்தை 10 சென்டிமீட்டருக்கு மேல் வைத்து, மெதுவாக ஓட்டி, எங்கெல்லாம் தட்டுகிறதோ அங்கே கம்பு நடுங்கள். கம்பு அடுத்து வளரும் புல்லை விட உயரமாக இருக்க வேண்டும், நுனியில் கலர் துணி கட்டுங்கள். வெட்டி முடித்து மொட்டையாகக் கிடக்கும்போதுதான் நிலத்தை நடந்து பார்க்க ஏற்ற நேரம். அந்த வாரத்தை விட்டுவிட்டால் புல் மறுபடி மூடிக்கொள்ளும்.

நின்ற புல்லிலும் சில குறிகள் உண்டு. மழை தள்ளிப்போகும்போது சுற்றிலும் பச்சையாக இருக்க, ஒரு திட்டு மட்டும் முதலில் வாடி மஞ்சளானால் அங்கே மண் ஆழம் குறைவு, அடியில் பாறை இருக்க வாய்ப்பு அதிகம். பழைய வேலி ஓடிய வரிசையில் முள்கம்பியும் கம்பத்தின் அடிக்கட்டையும் இருக்கும், ஓரத்து இரண்டு சுற்றையும் நடந்து பார்க்காமல் வெட்டாதீர்கள். முன்பு அங்கே மாடு மேய்த்தவர்களிடம் கேளுங்கள், அவர்களுக்கு ஒவ்வொரு கல்லும் தெரியும்.

கேள்வி: கல் நிலத்துக்கு டிஸ்க் மோவரே தப்பு. பழைய சிக்கிள் பார்தான் சரி. ஏன் யாருமே இதைச் சொல்வதில்லை?

சொல்கிறேன், பாதி ஒத்துக்கொள்கிறேன். சிக்கிள் பாரில் முக்கோணக் கத்திகள் விரல் போல நீட்டிய இரும்பு முனைகளுக்கு நடுவே முன்னும் பின்னும் ஓடுகின்றன, வேகம் குறைவு, கல்லைத் தூக்கி எறியாது. கத்தி உடைந்தால் ரிவெட்டைத் தட்டி எடுத்துவிட்டு வரப்பிலேயே புதுக் கத்தி அடித்துவிடலாம். ஆனால் கரையான் புற்று, எலி வளை மண், சாய்ந்து படுத்த புல் இருக்கும் இடத்தில் அது அடைத்துக்கொண்டு நின்றுவிடும், பத்தடிக்கு ஒருமுறை இறங்கி மண்ணைப் பிடுங்க வேண்டும். டிஸ்க் அதில் சிரமமில்லாமல் போய்விடும்.

அதே நண்பர்: அடைப்பை எடுப்பது ஐந்து நிமிடம். டிஸ்க் பாருக்குள் கியர் போனால் மாதக்கணக்கில் மெஷின் நிற்கும்.

உண்மைதான். அதனால்தான் சீட்டில் இருப்பவருக்குத் தன் நிலம் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன். நிலையாக நிற்கும் பாறை என்றால் உங்கள் பக்கம் நான். புற்றும் படுத்த புல்லும் என்றால் டிஸ்க்.

இன்னொருவர்: ட்ரம் மோவரை இரண்டு பேருமே மறந்துவிட்டீர்கள்.

மறக்கவில்லை, இதுதான் நான் கரடு நிலத்துக்கு முதலில் சொல்வது. நின்ற உருளைகளின் அடியில் பிளேடு சுற்றும் ட்ரம்முக்கு விசை மேலிருந்து வருகிறது, தரையை ஒட்டி கியர் வரிசை கிடையாது. அடியில் தட்டு மாதிரி ஒரு சறுக்கு மட்டும்தான் தரையைத் தொடும். எடை அதிகம், வெட்டு அகலம் குறைவு, ஆனால் அடி தாங்கும். எதை வாங்கினாலும் மோதினால் பின்பக்கம் மடங்கும் பாதுகாப்பு இருக்கிறதா, அது துருப்பிடிக்காமல் மடங்குகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ஷியர் போல்ட் கிடைக்கவில்லை, கம்பித் துண்டு வெட்டிப் போடலாமா?

கூடாது. இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

கேள்வி: டிஸ்க்கில் கம்பி சுற்றிக்கொண்டது. அறுத்து எடுத்துவிட்டேன். போதுமா?

போதாது. டிஸ்க்கைக் கழற்றி அடியில் பாருங்கள், மெல்லிய கம்பி, ஆயில் கசியாமல் தடுக்கும் சீலுக்குள் நுழைந்து அதை அறுத்திருக்கும். ஆயில் மெல்ல இறங்கி, மண் உள்ளே போய், நாலு வாரம் கழித்து பியரிங் சத்தம் கேட்கும். வெட்டுப்பட்ட கம்பித் துண்டுகள் புல்லில் கிடக்கின்றன என்பதும் முக்கியம். அந்த இடத்துப் புல்லைக் கட்டோடு சேர்க்காதீர்கள், மாடு விழுங்கினால் வயிற்றின் இரண்டாம் அறையில் தங்கி, அங்கிருந்து இதயம் வரை குத்தும். ஏற்கனவே தின்றுவிட்டது என்றால் கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள்.

கேள்வி: மோவரின் முன்திரை கிழிந்துவிட்டது, கழற்றிவிட்டு ஓட்டுகிறேன். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் துணிதான் கல்லை உள்ளேயே தடுக்கிறது. திரை மாட்டும் வரை மெஷினை எடுக்காதீர்கள், மாட்டிய பிறகும் அந்த நிலத்தில் வேறு ஆள் நிற்கக் கூடாது.

கேள்வி: ஸ்லிப் கிளட்ச் உள்ள மெஷின் வாங்கினேன். ஷியர் போல்ட் கவலை இனி இல்லை அல்லவா?

இருக்கிறது. சுமை அதிகமானால் தட்டுகள் வழுக்கி மெஷினைக் காப்பதுதான் ஸ்லிப் கிளட்ச். ஆனால் மாதக்கணக்கில் சும்மா நின்றால் அந்தத் தட்டுகள் துருவில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அது வழுக்காது, கெட்டி போல்ட் போட்டதற்குச் சமம். வெட்டும் பருவம் தொடங்கும் முன் ஸ்பிரிங்கின் நீளத்தை அளந்து குறித்துக்கொண்டு, நட்டுகளைத் தளர்த்தி, பிடிஓவைச் சில நொடி மட்டும் போட்டுத் தட்டுகளை வழுக்க விடுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, நட்டுகளைப் பழைய நீளத்துக்கே இறுக்குங்கள், அதற்கு மேல் ஒரு சுற்றுகூட வேண்டாம்.