அதிபரே போட்ட கையெழுத்துதானா? – கேள்வி பதில்

கேள்வி: இல்லினாய்ஸில் ஒரு பழம்பொருள் கடையில் 1839ஆம் ஆண்டு நிலப் பட்டா ஒன்றைப் பார்த்தேன். அடியில் அப்போதைய அமெரிக்க அதிபர் மார்ட்டின் வான் பியூரன் பெயர் மையால் எழுதியிருக்கிறது. வாங்கலாமா சார்?

பதில்: அதிபர் கையெழுத்துக்குரிய விலையைக் கேட்டால் வாங்காதீர்கள். அந்தப் பெயருக்குக் கீழே இன்னொரு பெயரும் 'செயலாளர்' என்ற குறிப்பும் இருக்கும், பாருங்கள். தொடக்கத்தில் அரசு விற்ற ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் அதிபரே கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அவருக்கு முந்தைய அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்தில் நில விற்பனை பெருகி, கையெழுத்தாகாத பட்டாக்கள் மலைபோலக் குவிந்தன. 1833 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் இயற்றி, அதிபருக்குப் பதிலாகக் கையெழுத்திட ஒரு செயலாளரை அனுமதித்தது. அதற்குப் பிறகு வந்த பட்டாக்களில் அதிபரின் பெயர்தான் இருக்கும், கை வேறொருவருடையது. வான் பியூரனுக்கு அவர் மகனே அந்த வேலையைப் பார்த்தார்.

ஆனாலும் அந்தத் தாளை மட்டமாக நினைக்காதீர்கள். யார் வாங்கினார், எந்த நிலம், எத்தனை ஏக்கர் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அமெரிக்க நில மேலாண்மைத் துறையின் இணையதளத்தில் அந்தப் பதிவை இலவசமாகவே தேடலாம். குறைந்த விலைக்குக் கிடைத்தால் நானே வாங்குவேன்.

கேள்வி: லிங்கன், வாஷிங்டன் எல்லாம் எனக்கு எட்டாது. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: டாஃப்ட், கூலிட்ஜ், ஹூவர் ஆகிய அதிபர்களின் தட்டச்சுக் கடிதங்களில் தொடங்குங்கள். ஹூவர் பதவிக் காலம் முடிந்த பின் 31 ஆண்டுகள் வாழ்ந்தவர். அவர் கடிதங்கள் நிறையவே கிடைக்கின்றன. கடிதத்தில் விஷயம் இருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். அந்தக் காலத்தில் கையெழுத்தை மட்டும் கத்தரித்து ஆல்பத்தில் ஒட்டிவிட்டு மீதியைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட துண்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கும்.

கேள்வி: யாருடையது மிக அரிது?

பதில்: வில்லியம் ஹென்றி ஹாரிசன். 1841 மார்ச் 4இல் பதவியேற்றவர் ஏப்ரல் 4இல் இறந்துவிட்டார். அந்த ஒரு மாதத்துக்குள் அதிபராகக் கையெழுத்திட்டவைதான் அரிது. அதற்கு முன் எழுதியவை கிடைக்கும்.

கேள்வி: கென்னடி கையெழுத்துப் போட்ட படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: கென்னடி விஷயத்தில் ரொம்ப எச்சரிக்கை வேண்டும். அவருக்காகச் செயலாளர்களும் போட்டார்கள், ஆட்டோபென் இயந்திரமும் போட்டது. இயந்திரம் போட்டதென்று தெரிந்த மாதிரிகளோடு ஒப்பிடுங்கள். ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் இம்மியும் பிசகாமல் பொருந்துகிறதா? அப்படியானால் அது இயந்திரம்தான். மனிதக் கை இரண்டு முறை ஒரே மாதிரி எழுதாது.

கேள்வி: லிங்கனின் சொந்தக் கடிதம் என்று ஒருவர் காட்டுகிறார். அடியில் 'ஆபிரகாம் லிங்கன்' என்று முழுப் பெயர் இருக்கிறது.

பதில்: அங்கேயே சந்தேகப்படுங்கள். கடிதங்களில் அவர் பெரும்பாலும் 'ஏ. லிங்கன்' என்றுதான் போடுவார். முழுப் பெயர் நியமன ஆணை போன்ற அரசு ஆவணங்களுக்கு. ஜோசப் கோசி என்ற மோசடிக்காரர் 20ஆம் நூற்றாண்டில் லிங்கன் பெயரில் ஏராளமாக எழுதித் தள்ளினார். போலியென்று தெரிந்தால் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதித் தராதவரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

கேள்வி: வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டலாமா?

பதில்: வேண்டாம். வெளிச்சத்தில் மை வெளிறிவிடும், போனால் திரும்பாது. லேமினேஷன், செலோடேப் இரண்டையும் பக்கத்தில்கூட விடாதீர்கள். நல்ல வண்ண நகல் எடுத்து அதை மாட்டுங்கள். அசலை அமிலமில்லாத உறையில் போட்டு இருட்டான அலமாரியில் வையுங்கள்.