பிரிஸ்பேனின் பழைய தொழிலாளர் மர வீடுகள் ஏன் கட்டைக்கால்களில் நிற்கின்றன?

முதல் காரணம் கறையான். ஒவ்வொரு கட்டைக்காலின் தலையிலும் தட்டைக் கவிழ்த்தது போல ஒரு உலோக மூடி இருக்கும். கறையான் மேலே ஏற வேண்டுமானால் அதன் விளிம்பைச் சுற்றி மண்பாதை கட்டியாக வேண்டும். அது கண்ணில் பட்டுவிடும், தட்டிவிடலாம். எத்தனை எளிய யோசனை! சரிவான நிலத்தை வெட்டிச் சமன்படுத்தும் செலவும் மிச்சம், தரைக்கு அடியில் காற்றும் ஓடும்.

சுவரைப் பாருங்கள், பெரும்பாலும் ஒற்றைப் பலகைதான். செலவைக் குறைக்க உள்பக்கம் மட்டும் பலகை அடித்து, மரச்சட்டங்களை வெளியே தெரியும்படி விட்டிருப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த அழகு அதுதான். மேலே நெளிதகரக் கூரை, முன்னால் வராந்தா.

பிரிஸ்பேனைத் தலைநகராகக் கொண்ட ஆஸ்திரேலிய மாநிலமான குவீன்ஸ்லாந்தின் அரசு 1909-இல் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் கொண்டுவந்தது. சொந்த வீடில்லாத, வருமானம் குறைந்தவர்கள் தங்கள் மனையை ஈடாக வைத்துக் கடன் பெற்று வீடு கட்டிக்கொள்ளலாம். அதன்படி எழுந்த முதல் வீடு, 1910-இல் கட்டப்பட்டது, பிரிஸ்பேனின் நண்டா பகுதியில் இருக்கிறது. மாநில மரபுரிமைப் பட்டியலில் அதற்கும் இடம் உண்டு. மாளிகைகளுக்கு இணையாக ஒரு உழைப்பாளியின் வீட்டையும் காப்பது மிகச் சரியானது என்பேன்.