ஏடாக்-சீக்: கேட்டவர்களுக்குப் பதில்

குரோமாட்டினில் (புரதங்களில் சுற்றிய டிஎன்ஏ) எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று அளக்கும் ஏடாக்-சீக் (ATAC-seq) முறை பற்றி வந்த கேள்விகளில் சில.

மேடம், டிஎன்ஏஸ்-சீக் இருக்கும்போது எல்லோரும் ஏன் ஏடாக்-சீக்குக்குத் தாவினார்கள்?

செல் எண்ணிக்கைதான் காரணம். டிஎன்ஏஸ் நொதியால் வெட்டும் பழைய முறைக்கு லட்சக்கணக்கில், பல நேரம் கோடியில் செல் வேண்டும். 2013இல் ஸ்டான்ஃபோர்டு குழு வெளியிட்ட ஏடாக்-சீக்குக்கு 500 முதல் 50,000 வரை போதும். டிஎன்5 என்ற நொதி, திறந்த இடத்தில் டிஎன்ஏவை வெட்டும்போதே அடாப்டரையும் (சீக்வென்சிங்குக்குத் தேவையான சிறு டிஎன்ஏ துண்டு) ஒட்டிவிடுகிறது. 37 டிகிரியில் அரை மணி நேரம், சுத்தம் செய்து பிசிஆர். அவ்வளவுதான்.

பாதி ரீடுகள் (சீக்வென்சர் படித்த துண்டுகள்) மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய்விட்டன, அக்கா. என்ன செய்வது?

அதன் டிஎன்ஏவில் நியூக்ளியோசோமே (டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் புரத உருளை) கிடையாது. டிஎன்5 இஷ்டத்துக்கு வெட்டும். 2017இல் வந்த ஆம்னி-ஏடாக் முறையைப் பாருங்கள். செல்லை உடைக்கும் கரைசலில் டிஜிடோனின், ட்வீன்-20 என்ற சோப்பு போன்ற பொருள்களைச் சேர்ப்பார்கள், மைட்டோகாண்ட்ரியா போக நியூக்ளியஸைக் கழுவவும் செய்வார்கள். உறைந்த திசுவுக்கும் இது ஒத்துவரும். கணினியில் அந்த ரீடுகளை நீக்கிவிடலாம்தான், ஆனால் சீக்வென்சிங்குக்குக் கட்டிய பணம் போனது போனதுதான்.

லைப்ரரி (சீக்வென்சிங்குக்குத் தயாரித்த டிஎன்ஏ துண்டுகளின் தொகுப்பு) தேறுமா என்று எதை வைத்துச் சொல்வது?

துண்டு நீள வரைபடத்தை வைத்து. நான் பீக் (ரீடுகள் குவிந்த இடம்) பட்டியலைத் திறப்பதற்கு முன் பார்ப்பது அதைத்தான். 100 பேஸுக்கு (டிஎன்ஏ எழுத்து) கீழே உயரமான மேடு, 200க்கு அருகே சின்ன மேடு, 400க்கு அருகே இன்னும் சின்னது. ஒரு நியூக்ளியோசோமில் சுற்றியிருப்பது 147 பேஸ்; இருபக்க இணைப்பும் கொஞ்சம் சேர 200 ஆகிறது. முதல் மேட்டில் பத்துப் பேஸுக்கு ஒன்றாகச் சிற்றலைகளும் தெரியும். அது டிஎன்ஏ முறுக்கின் அளவு. மேடுகளே இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கினால் நொதி மிகுந்திருக்கலாம், செல்கள் செத்திருக்கலாம். நியூக்ளியஸைச் சரியாக எண்ணிப் போடுங்கள், பாதித் தொல்லை அங்கேயே தீரும். ஒன்று, பயோஅனலைசர் (துண்டு நீளத்தை அளக்கும் கருவி) படத்தில் அடாப்டர் நீளமும் சேர்ந்துதான் வரும். முதல் மேடு 200இல் நின்றால் பதற வேண்டாம்.

ரீடின் தொடக்க இடத்தை +4, −5 பேஸ் நகர்த்துவது கட்டாயமா சார்?

(சார் இல்லை, மேடம்!) டிஎன்5 இரு இழைகளிலும் 9 பேஸ் தள்ளித் தள்ளி வெட்டுவதால் வரும் திருத்தம் அது. ஃபுட்பிரின்டிங் (புரதம் அமர்ந்த தடத்தைத் தேடுவது) செய்தால் கட்டாயம். பீக் மட்டும் தேடினால் பெரிய வித்தியாசம் வராது.

புரோமோட்டரில் (ஜீனை இயக்கும் தொடக்கப் பகுதி) பீக் இருந்தால் ஜீன் வேலை செய்கிறது எனலாமா?

கூடாது. திறந்த இடத்தில் அடக்கும் புரதம் அமர்ந்திருக்கலாம், குரோமாட்டினை வளையங்களாக மடக்கும் சிடிசிஎஃப் புரதம் இருக்கலாம், தூண்டுதலுக்குக் காத்திருக்கும் ஜீனாகவும் இருக்கலாம். அதே செல்களில் ஆர்என்ஏ-சீக் (ஜீன்களிலிருந்து உருவான ஆர்என்ஏவை அளப்பது) செய்துவிட்டுப் பேசுங்கள்.