வயதாக ஆக வருஷங்கள் ஏன் இவ்வளவு வேகமாக ஓடுவது போலத் தெரிகிறது?

எனக்கு 54 வயது. தையல் கடை வைத்திருக்கிறேன். போன மே மாதம் ஒருவர் தன் பையனுக்கு ஒன்றாம் வகுப்புச் சீருடை தைக்க வந்தார். "அண்ணே, ஆறாவது படிக்கையில எனக்கும் நீங்கதான் தச்சீங்க" என்றார். பழைய அளவு நோட்டைத் தேடி எடுத்தேன். 2003, இடுப்பு 24. என் கையெழுத்துதான். போன வருஷம் எழுதியது போல இருந்தது.

அன்றிலிருந்து இந்தக் கேள்வி எனக்குள்ளும் ஓடுகிறது.

பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு வருஷம் என்பது வாழ்ந்ததில் பத்தில் ஒரு பங்கு, ஐம்பது வயதுக்காரருக்கு ஐம்பதில் ஒரு பங்கு. அதனால்தான் சுருங்கித் தெரிகிறது என்று 1877இலேயே பால் ஜானே என்ற பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் சொல்லிவிட்டார். அழகான கணக்கு. ஆனால் என் வாழ்க்கைக்கு அது ஒத்துவரவில்லை. அந்தக் கணக்குப்படி வருஷத்துக்கு வருஷம் சீராகக் குறைய வேண்டுமே! அம்மா படுக்கையில் கிடந்த வருஷம் எனக்கு 46 வயது. அதற்கு முந்தைய பத்து வருஷத்தைவிட அது நீளம்.

இன்னொன்று, நாள் ஒன்றும் வேகமாகப் போகவில்லை. மத்தியானம் கரண்ட் போனால் அரை மணி நேரம் இன்றைக்கும் நகரமாட்டேன் என்கிறது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் 14 முதல் 94 வயது வரை 499 பேரிடம் கேட்டு 2005இல் வெளியான ஆய்வும் இதைத்தான் காட்டியது. வாரம், மாதம் போகும் வேகத்தைப் பற்றி இளையவர்களும் முதியவர்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே சொன்னார்கள். கடந்த பத்து வருஷம் எப்படிப் போனது என்று கேட்டபோதுதான் வயதுக்கேற்ற வித்தியாசம் தெரிந்தது.

ஆக, திரும்பிப் பார்க்கும்போது கையில் என்ன சிக்குகிறது என்பதுதான் விஷயம் என்று நினைக்கிறேன். 1988இல் ஒரு தையல் கடையில் காஜா, அதாவது பட்டன் துளை, எடுக்கும் பையனாகச் சேர்ந்தேன். முதல் காஜா கோணியது, மாஸ்டர் முதன்முதலாகக் கத்திரியைக் கையில் கொடுத்தது, முதல் கூலி, எல்லாம் நாள் நாளாக நினைவில் இருக்கிறது. அதன்பின் ஆயிரக்கணக்கில் சட்டை தைத்திருக்கிறேன். எல்லாம் சேர்ந்து ஒரே சட்டையாகத்தான் நினைவில் நிற்கிறது.

மிஷெல் சிஃப்ர் என்ற பிரெஞ்சுக்காரர் 1962இல் கடிகாரமில்லாமல் ஒரு குகைக்குள் இரண்டு மாதம் தனியாக இருந்தார். செப்டம்பர் 14 அன்று அவரை மேலே கூப்பிட்டபோது, அவர் கணக்கில் அது ஆகஸ்ட் 20தான். இருட்டில் ஒரு நாளிலிருந்து இன்னொரு நாளைப் பிரித்துக் காட்ட எதுவும் இல்லை, கிட்டத்தட்ட 25 நாள் கணக்கில் வராமலே போய்விட்டது. என் முப்பது வருஷமும் அப்படித்தான் போயிருக்கிறது.

இந்த ஆடியில் மகளிடம் ஆரி வேலை கற்க உட்கார்ந்தேன். சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் கீழிருந்து நூலை எடுக்க வேண்டும். முதல் வாரம் முழுக்க, "அப்பா, பிரிச்சிட்டு மறுபடி போடுங்க" என்றுதான் சொன்னாள். அந்த வாரத்தின் ஏழு நாளையும் தனித்தனியாக என்னால் சொல்ல முடியும்.