குளிரும் உயரமும்

அண்ணா வணக்கம்,
சேலத்தில் பழைய இரும்புக் கடையில் நியான் போர்டு டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று கிடைத்தது. தகட்டில் 15,000 வோல்ட், 30 மில்லி ஆம்பியர். இரண்டு கம்பி நட்டு, பொறி மேலே ஏறுகிற ஏணி செய்தேன். பொறி இன்னும் பெரிதாக வேண்டும். டிம்மர்ஸ்டாட் (வோல்ட்டை ஏற்றி இறக்கும் கருவி) வைத்து 230-க்குப் பதில் 280 வோல்ட் கொடுக்கலாமா? ஏற்காடு குளிருக்குச் சூடு தாங்கும்தானே?
வி., ஏற்காடு

அன்புள்ள தம்பி,

குளிரைக் கணக்கில் சேர்த்தீர்கள், உயரத்தை விட்டுவிட்டீர்கள். தகட்டில் போடும் எண் பொதுவாக 1000 மீட்டர் உயரம் வரைக்கும்தான். நீங்கள் இருப்பது ஏறக்குறைய 1500-இல். அங்கே காற்று மெலிவு. சூட்டைக் குறைவாகத்தான் இழுத்துப்போகும், பொறியையும் குறைவாகத்தான் தடுக்கும். சேலத்தில் தாண்டாத இடைவெளியை அங்கே தாண்டிவிடும்.

நானும் இதைச் செய்தவன்தான். செவ்வாய்ப்பேட்டை மொட்டை மாடியில், மே மாதம். பத்து நிமிடம் பிரமாதம். அப்புறம் ரோடு போடும்போது வருமே, அந்தத் தார் வாசனை. பெட்டியைத் தொட்டால் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். உள்ளே 'ஸ்ஸ்' என்றது, பொறி சுருங்கிப் போனது. பெட்டிக்குள் ஊற்றியிருந்த தாரைச் சுரண்டிப் பார்த்தேன்: காயிலிலிருந்து (கம்பிச் சுருள்) கோர் (நடு இரும்பு) வரை பென்சில் கோடு மாதிரி ஒரு கரிப்பாதை. எண்ணெயாக இருந்தால் ஓடிவந்து மூடியிருக்கும். தார் அப்படியே நிற்கும், கரியோ மின்சாரத்தைக் கடத்தும். எடைக்குத்தான் போட்டேன்.

வோல்ட்டை ஏற்றினால் கோர் காந்தத்தால் நிறைந்துவிடும். அதற்குமேல் உள்ளே இழுக்கிற கரண்ட் பெரும்பாலும் சூடாகத்தான் போகும். கோருக்கு நடுவே செருகியிருக்கும் இரும்புத் தகடுகளை உருவிவிடு என்று யாராவது சொல்வார்கள். அந்த 30 மில்லி ஆம்பியரைக் கட்டிப்போட்டிருப்பதே அவைதான். கரண்ட் ஒன்றரை மடங்கானால் காயில் சூடு இரண்டேகால் மடங்கு. ஆளைக் கொல்ல அந்த 30 மில்லி ஆம்பியரே போதும் தம்பி. வீட்டில் ஈஎல்சிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்கிறது என்று நம்பாதீர்கள். 15,000 வோல்ட் பக்கத்துக் காயிலில் நீங்கள் மாட்டினால், வீட்டு லைன் பக்கத்தில் இருக்கும் அதற்குத் தெரியாது.

பொறி உயரம் ஏறவில்லை என்றால் மலைக்காற்றைச் சந்தேகப்படுங்கள். சுற்றிலும் கண்ணாடி மறைப்பு வையுங்கள், மேலும் கீழும் திறந்திருக்கட்டும். கையும் தள்ளி நிற்கும்.

தகட்டில் ஹெர்ட்ஸ் என்ன போட்டிருக்கிறது, பார்த்தீர்களா? ஹெர்ட்ஸ் குறைந்தால் கோர் சீக்கிரம் நிறையும். 230 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால், நம் லைனின் 50 ஹெர்ட்ஸில் அந்தக் கோருக்கு அது 276 வோல்ட் கொடுத்த மாதிரி. அப்படியென்றால் நீங்கள் கேட்ட 280 கிட்டத்தட்ட இப்போதே ஓடிக்கொண்டிருக்கிறது.