கடலைப் புண்ணாக்குத் தீவனமும் இறகு தின்னும் கோழிகளும்

கேள்வி: ஐயா, வணக்கம். வேடசந்தூர் பக்கம் ஆழ்கூளக் கொட்டகையில் 200 கிராமப்பிரியா கோழிகள் வளர்க்கிறேன். வயது 36 வாரம். கம்பெனித் தீவனம் கட்டுப்படியாகாமல் ஐந்து வாரமாக நானே அரைத்துப் போடுகிறேன். 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 50, கடலைப் புண்ணாக்கு 22, தவிடு 18, கிளிஞ்சல் 8, மீதி தாது உப்பும் சாதா உப்பும். பரிசோதனைக்குக் கொடுத்ததில் புரதம் 16 சதவீதம் என்று வந்தது. ஆனால் 55 கிராம் இருந்த முட்டை 49-க்கு இறங்கிவிட்டது. நாளுக்கு 150 வந்த இடத்தில் இப்போது 118. தீவனம் மட்டும் 21 கிலோவிலிருந்து 23 கிலோ ஆகிவிட்டது. ஒன்றின் இறகை இன்னொன்று பிடுங்கித் தின்கிறது. புரதம் சரியாக இருக்கும்போது ஏன் இப்படி? கடைக்காரர் மெத்தியோனின் போடச் சொல்கிறார். அது ரசாயனமா? போட்டால் நாட்டுக்கோழி முட்டை என்று சொல்லி விற்க முடியுமா?

பதில்: கடைக்காரர் சொன்னது பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டதால், அதை மட்டும் வாங்கிப் போட்டால் உங்களுக்குக் காசுதான் போகும்.

முதலில் அந்த 16 சதவீதம். ஆய்வகத்தில் கச்சாப் புரதம் என்று தருவது தீவனத்தில் உள்ள தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிய கணக்கு. புரதம் எவ்வளவு என்பதை அது சொல்லும், எப்படிப்பட்ட புரதம் என்பதைச் சொல்லாது. புண்ணாக்கில் யூரியாவைக் கலந்தாலும் அந்த எண் ஏறத்தான் செய்யும். கோழிக்கு வேண்டியது புரதம் என்ற மொத்தச் சரக்கு அல்ல, அதற்குள் இருக்கும் அமினோ அமிலங்கள். அவற்றில் சிலவற்றைக் கோழி தன் உடம்பிலேயே செய்துகொள்ளும். செய்ய முடியாதவற்றைத் தீவனத்தில்தான் கொடுத்தாக வேண்டும். தானியமும் புண்ணாக்குமாகக் கலக்கும் கோழித் தீவனத்தில் பெரும்பாலும் முதலில் பற்றாக்குறையாவது மெத்தியோனின் என்ற அமினோ அமிலம்.

நாம் எழுதத் தொடங்கும்போது பிள்ளையார் சுழி போடுவதுபோல, உயிரணு எந்தப் புரதத்தைக் கட்டத் தொடங்கினாலும் முதலில் வைப்பது மெத்தியோனினைத்தான். வைத்த பிறகும் வழிநெடுக அது தேவைப்படும். அது வர வேண்டிய இடத்தில் இல்லையென்றால் வேறொன்றை வைத்து ஒப்பேற்ற உயிரணுவுக்குத் தெரியாது, வேலை அங்கேயே நின்றுவிடும். மீந்துபோன மற்ற அமினோ அமிலங்கள் எரிந்து, அவற்றின் தழைச்சத்து எச்சத்தில் போய்விடும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய புரதத்தில் ஒரு பங்கு கூளத்தில் அம்மோனியா வாடையாக வந்துகொண்டிருக்கிறது. இதற்கு மேல், மெத்தியோனினில் கந்தகம் இருக்கிறது. இறகில் பத்தில் ஒன்பது பங்கு கெரட்டின் என்ற புரதம். அதை இறுக்கிக் கட்டுவது சிஸ்டின் என்ற இன்னொரு கந்தக அமினோ அமிலம். தீவனத்தில் சிஸ்டின் போதாவிட்டால் கோழி மெத்தியோனினைச் செலவழித்து அதைச் செய்துகொள்ளும். சிஸ்டினிலிருந்து மெத்தியோனின் செய்ய மட்டும் அதனால் முடியாது. இது ஒருவழிப் பாதை.

இனி உங்கள் கலவைக்கு வருவோம். 50 கிலோ மக்காச்சோளத்தில் மெத்தியோனின் சுமார் 90 கிராம். 22 கிலோ கடலைப் புண்ணாக்கில் 100 கிராம். 18 கிலோ தவிட்டில் 43 கிராம். ஆக 100 கிலோ தீவனத்தில் ஏறக்குறைய 230 கிராம். 200 கோழி 23 கிலோ தின்றால் தலைக்கு 115 கிராம், அதில் மெத்தியோனின் 265 மில்லிகிராம். செரித்து உடம்பில் சேர்வது அதில் 230 இருந்தால் அதிகம். 50 கிராம் முட்டை ஒன்றுக்குள் மட்டும் 170 மில்லிகிராம் மெத்தியோனின் உட்காருகிறது. முட்டையிடும் நாளில் மிஞ்சுகிற 60 மில்லிகிராமில் கோழி சதையையும் குடலையும் இறகையும் பராமரித்துக்கொள்ள வேண்டும். நன்றாக முட்டையிடும் கோழிக்குத் தீவனத்தில் நாளுக்கு 380 மில்லிகிராம் அளவில் கிடைக்க வேண்டும். உங்கள் கோழிகள் கடனில் ஓடிக்கொண்டிருக்கின்றன. முதலில் முட்டையின் எடையைக் குறைத்தன, பிறகு எண்ணிக்கையை. அதிகம் தின்பதும் இதனால்தான்: குறையும் சத்தைத் தேடிக் கூடுதலாகக் கொத்துகின்றன. கூடவே வரும் மாவுச்சத்து வயிற்றிலும் ஈரலிலும் கொழுப்பாகச் சேரும். இந்த நிலையில் ஒரு கோழி செத்தால் அறுத்துப் பாருங்கள், ஈரல் மஞ்சளாகப் பிசுபிசுவென்று இருக்கக்கூடும்.

கடைக்காரர் சொல்லாமல் விட்டது லைசின் என்ற இன்னொரு அமினோ அமிலம். உங்கள் கலவையில் 100 கிலோவுக்குச் சுமார் 520 கிராம்தான் வருகிறது, 700 கிராமாவது வேண்டும். மெத்தியோனினை மட்டும் கொட்டினால் லைசின் அடுத்த முட்டுக்கட்டையாக நிற்கும். நம் சமையலில் அரிசியும் பருப்பும் சேர்வதற்கு ருசியைத் தாண்டிய காரணம் உண்டு. அரிசியில் லைசின் குறைவு, மெத்தியோனின் பரவாயில்லை. பருப்பில் லைசின் நிறைய, மெத்தியோனின் குறைவு. ஒன்றின் குறையை மற்றது மூடிவிடுகிறது. மக்காச்சோளத்துக்கு அப்படிப் பொருந்துவது சோயாப் புண்ணாக்கு. கடலைப் புண்ணாக்கில் இரண்டும் குறைவு என்பதால் சோளத்தின் குறையை அது மூடாது. மாட்டுக்கு அது நல்ல தீனிதான். மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிரிகள் தாங்களே அமினோ அமிலங்களைக் கட்டிக்கொடுத்துவிடும். கோழிக்கு அந்த வசதி இல்லை.

கடலைப் புண்ணாக்கில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஈரம் பட்டால் பூசணம் பிடித்து அஃபிளாடாக்சின் நஞ்சு சேரும். ஈரல் அந்த நஞ்சை முறிக்கக் குளூட்டாதயோன் என்ற பொருளைச் செலவழிக்கும். அதைச் செய்யவும் கந்தக அமினோ அமிலம்தான் வேண்டும். ஏற்கெனவே தட்டுப்பாடு, அதிலும் பங்கு கேட்க ஒருவர் வந்த கதை. மூட்டையின் அடியில் கட்டிதட்டிய, பச்சை படிந்த புண்ணாக்கைத் தயங்காமல் தூக்கிப் போடுங்கள்.

தீவனத்தை மாற்றும் முன் கொட்டகையில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். காலையில் கூளத்தில் உதிர்ந்த இறகு கிடக்கிறதா? உதிர்கிற காலமென்றால் தரையெங்கும் இறகு கிடக்கும். முதுகு சொட்டையாகி, தரையில் இறகே இல்லையென்றால் தின்கின்றன என்று பொருள். எந்த இடத்தில் சொட்டை என்பதும் ஒரு தடயம். வாலடியும் முதுகும் என்றால் கொத்தல். கழுத்து மட்டும் என்றால் தீவனத் தொட்டியின் விளிம்பு உரசுகிறது. சேவல் விட்டிருந்து முதுகும் தொடையோரமும் மட்டும் போயிருந்தால் மிதிப்பட்டது. இரவில் டார்ச் அடித்து ஆசனவாயைச் சுற்றிய இறகை விலக்கிப் பாருங்கள். பேனோ உண்ணியோ ஊர்ந்தால் அதற்கு முதலில் மருந்து. தின்ற இறகால் கோழிக்குப் பயனும் கிடையாது. கெரட்டினின் கந்தகக் கட்டை உடைக்க அதன் குடலுக்குத் திறமில்லை.

இனிக் கலவை. 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 50, சோயாப் புண்ணாக்கு 16, எள்ளுப் புண்ணாக்கு 5, கடலைப் புண்ணாக்கு 4, தவிடு 15, கிளிஞ்சல் 8, டைகால்சியம் பாஸ்பேட் 1 கிலோ, உப்பு 350 கிராம், டிஎல் மெத்தியோனின் (ஆலையில் செய்த மெத்தியோனின் பொடி) 80 கிராம். மீதி அரைக் கிலோ சொச்சம் கோழிகளுக்கான தாது உப்பு, வைட்டமின் கலவை. மாட்டுத் தாது உப்பை இதற்குப் போட வேண்டாம். இதில் புரதம் 17 சதவீதத்தை ஒட்டி வரும், லைசின் சுமார் 745 கிராம், மெத்தியோனின் 370 கிராம். கோழி பழையபடி 105 கிராம் தின்றாலே 390 மில்லிகிராம் கிடைத்துவிடும். எள்ளுப் புண்ணாக்கைச் சேர்க்கக் காரணம், பிண்ணாக்கு வகைகளில் மெத்தியோனின் அதிகம் உள்ளது அது. ஆனால் லைசின் அதில் குறைவு. பைட்டிக் அமிலம் இருப்பதால் துத்தநாகத்தையும் சுண்ணாம்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் அள்ளிப் போடாதீர்கள்.

சோயா விலை அதிகம் என்று பச்சைச் சோயா மொச்சையை வாங்கி அரைத்துவிடாதீர்கள். அதில் உள்ள டிரிப்சின் தடுப்பான், புரதத்தைச் செரிக்கும் நொதியைக் கட்டிப்போடும். கணையம் மேலும் மேலும் நொதியைச் சுரந்து வீங்கும். அந்த நொதிகளே கந்தக அமினோ அமிலம் நிறைந்தவை, எல்லாம் எச்சத்தோடு வெளியேறும். எதைக் காப்பாற்றப் பார்க்கிறோமோ அதையே இழப்போம். எண்ணெய் எடுத்து, பதமாகச் சூடு காட்டிய புண்ணாக்குதான் வேண்டும்.

80 கிராமை 100 கிலோவில் சீராகப் பரப்புவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கைப்பிடியாலும் கரண்டியாலும் அளக்கக் கூடாது, கிராம் தராசு வேண்டும். நிறுத்த பொடியை முதலில் ஒரு கிலோ நைசான சோள மாவில் கலந்து இரண்டு முறை சலியுங்கள். அதை 5 கிலோவில் கலந்து, அந்த 6 கிலோவை 20 கிலோவில் கலந்து, பிறகு மொத்தக் குவியலில் சேருங்கள். மண்வெட்டியால்தான் கலக்கிறீர்கள் என்றால் குவியலைக் குறைந்தது நான்கு முறை இடம் மாற்றிப் புரட்டுங்கள். அதிகம் போட்டால் நல்லது என்ற எண்ணம் இங்கே ஆபத்து. அமினோ அமிலங்களில் அளவு மீறினால் சீக்கிரம் கெடுதல் செய்வது இதுதான். கலக்காமல் ஓரிடத்தில் கட்டியாகக் கிடந்து, தீவனத்தில் ஒரு சதவீதத்தை எட்டினால் கோழி தீனியையே குறைத்துவிடும்.

வாங்கும்போது: வெள்ளை அல்லது இளமஞ்சள் படிகப் பொடி, கந்தக வாடை வரும். வெதுவெதுப்பான 100 மில்லி தண்ணீரில் ஒரு கிராம் போட்டுக் கலக்கினால் முழுதாகக் கரைய வேண்டும். அடியில் வெள்ளையாகத் தங்கினால் கலப்படம். தங்கியதில் வினிகர் விட்டு நுரைத்தால் சுண்ணாம்புப் பொடி, அயோடின் விட்டு நீலமானால் மாவு. தண்ணீரில் விடும் ஈரல் டானிக்கில் மெத்தியோனின் இருக்கிறது என்று விற்பார்கள். 100 மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்று சீட்டில் படித்து, 200 கோழிக்குத் தலைக்கு எவ்வளவு வருகிறது என்று ஒருமுறை வகுத்துப் பாருங்கள். பாட்டிலை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவீர்கள்.

ரசாயனமா என்றால், ஆம், ஆலையில் பெட்ரோலிய மூலப்பொருளிலிருந்து செய்வதுதான். 1922-இல் ஜான் ஹோவர்ட் முல்லர் பால் புரதமான கேசினிலிருந்து இதை முதலில் பிரித்தார். 1928-இல் பார்ஜரும் காய்னும் அதன் அமைப்பைக் கண்டு மெத்தியோனின் என்று பெயரிட்டார்கள். எள்ளில் இருப்பது எல் வடிவம். ஆலைப் பொடியில் எல் பாதி, அதன் கண்ணாடி பிம்பமான டி பாதி. கோழியின் உடம்பு டி வடிவத்தையும் எல் வடிவமாக மாற்றிக்கொள்ளும். இது ஹார்மோனோ ஆன்டிபயாடிக்கோ அல்ல, முட்டையில் மருந்து மிச்சம் என்று எதுவும் தங்காது. நாட்டுக்கோழி என்பது இனத்தையும் வளர்ப்பையும் பற்றிய பேச்சு, மெத்தியோனினால் அது மாறாது. ஆனால் கிராமப்பிரியா ஐதராபாத் கோழியின ஆராய்ச்சி இயக்ககம் புறக்கடைக்காக உருவாக்கிய மேம்பட்ட இனம். வாங்குகிறவர் கேட்டால் அதை அப்படியே சொல்லிவிடுங்கள். இயற்கை வேளாண் சான்றிதழ் வைத்திருந்தால் மட்டும் கதை வேறு. சான்று தரும் அமைப்பிடம் கேட்காமல் போட வேண்டாம்.

பொடியே வேண்டாம் என்றால் மக்காச்சோளம் 50, சோயா 12, எள்ளுப் புண்ணாக்கு 8, உப்புப் போடாத கருவாட்டுத் தூள் 5, தவிடு 16, கிளிஞ்சல் 8, தாது உப்பும் வைட்டமினும் 1. மெத்தியோனின் 330 கிராம் வரை வரும். முதல் கலவை அளவுக்கு இல்லை என்றாலும் இப்போதைய நிலைக்கு எவ்வளவோ மேல். கருவாட்டில் மணலும் உப்பும்தான் தொல்லை. ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டுக் கலக்கி அடியில் படியும் மணலைப் பாருங்கள், நாக்கில் வைத்து உப்பைப் பாருங்கள். கரிக்கிற சரக்கைத் தொடாதீர்கள், எச்சம் நீர்த்துப் போகும். 5 கிலோவுக்கு மேல் போனால் முட்டையில் மீன் வாடை அடித்து, வாங்கிப் போனவர் திரும்பி வருவார். முருங்கைக் கீரை, அசோலா கொடுக்கலாம், ஆனால் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். இந்தப் பள்ளத்தை அவற்றால் நிரப்ப முடியாது.

புதுத் தீவனத்தை நான்கைந்து நாளில் பழையதோடு சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுங்கள். முட்டை எடை இரண்டு வாரத்தில் மேலே வரத் தொடங்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் 30 முட்டையை மொத்தமாக நிறுத்து எழுதி வையுங்கள். ஒற்றை முட்டையின் எடையை வைத்து முடிவெடுக்க முடியாது. இறகுக்குப் பொறுமை வேண்டும். வேரோடு பிடுங்கிய இடத்தில் ஆறேழு வாரத்தில் முளைக்கும். தண்டு உடைந்து நிற்பது அடுத்த உதிர்வு வரை அப்படியே நிற்கும்.

கொத்தும் பழக்கம் தீவனம் சரியானதும் தானாகப் போய்விடாது, ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொண்டிருக்கும். ரத்தம் கசிகிற கோழிகளை இன்றே பிரித்து, புண்ணில் வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் பூசுங்கள். நேர் வெயில் விழும் பக்கம் சாக்குப் படுதா கட்டுங்கள். ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி இடமும் தொட்டியில் நான்கு விரல்கடை விளிம்பும் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். அகத்தி, வேலிமசால் கொத்துகளைத் தலை உயரத்தில் தொங்கவிட்டால் அலகுக்கு வேலை கிடைக்கும். மூன்று வாரத்தில் எடை ஏறாவிட்டால் கலவையில் இரண்டு கிலோவும் சோயாவில் அரைக் கிலோவும் தனித்தனியாகக் கட்டி, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். புரதத்தோடு அஃபிளாடாக்சினையும் மணலையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.